ஐந்தாவது கட்டம்

திரையின் அடிவிளிம்பில் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. அதில் எழுதியிருந்த ஆங்கிலச் சொற்களை வாசிக்கத் தெரியுமுன்பே அவற்றின் பெறுமதி எங்களுக்குத் தெரிந்திருந்தது. முதலாவது வேகம். இரண்டாவது ஏவுகணை. மூன்றாவது இரட்டைக் குண்டு. நான்காவது லேசர். ஐந்தாவது ஒப்ஷன். ஆறாவதில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும்; கப்பலின் முகப்பில் கவசம் பூட்டுகிற கட்டம் அது. கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வளர்ந்த என் கூட்டாளிமாருக்கு இந்த வரிசை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆட்டத்தின் பெயர் கிரேடியஸ் என்பதுதான் நெடுநாள் தெரியாமல் இருந்தது. நாங்கள் அதை ரொக்கெட் கேம் என்போம்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் கிரேடியஸை 1985இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டியாக வெளியிட்டது. நின்டென்டோவின் ஃபாமிகாம் என்ற வீட்டுப் பெட்டிக்கு அது வந்த நாள் 1986 ஏப்ரல் 25. அதே ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதிதான் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும் கெத்தாராம மைதானம் திறக்கப்பட்டது. மைதானம் கண்ணுக்கு முன்னால் எழுந்து நின்றது. ஆட்டம் எங்கள் கைக்கு வர 90கள் ஆகின. அதுவும் ஃபாமிகாம் என்ற பெயரோடு வரவில்லை. அதன் உள்ளமைப்பைப் பார்த்துச் செய்த மலிவான நகல் பெட்டிகள் வந்தன. எங்கள் வாயில் அவை எல்லாமே டீவி கேம். அதில் செருகுவது கேசட். ஒரே கேசட்டில் பத்து, ஐம்பது, நூறு என்று ஆட்டங்கள் அடைத்திருக்கும். பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஓர் இடத்தில் அந்த வெள்ளைக் கப்பல் காத்திருக்கும். அதன் பெயர் விக் வைப்பர்.

எங்கள் தொகுதியில் ஒரு வீட்டு முன்னறையில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுவார்கள். அந்த வீட்டு மூத்த மகனை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை. இரவு தராவீஹ் தொழுது முடித்துப் பிள்ளைகள் அந்த அறையில் கூடுகிற நோன்புக் காலத்தில், அவர் விளையாடுவதைப் பார்ப்பதற்கே ஒரு கூட்டம் இருக்கும். நான் முதல்முறை கையில் எடுத்த அன்று என் பின்னால் நின்று அவர் சொன்ன சொல் இன்னும் காதில் இருக்கிறது.

"அவசரப்பட வாணாம். இன்னும் ஒண்டு வரட்டும்."

கிரேடியஸ் என்ற கலைப்படைப்பு முழுவதையும் விளக்க அந்த இரண்டு வாக்கியங்கள் போதும் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அந்தக் காலத்து ஆட்டங்களில் ஒரு சாமான் திரையில் விழும். தொட்டால் அது உங்களுடையது. காளானைத் தொட்டால் வளர்வீர்கள். எழுத்துப் பொறித்த பறவையைத் தொட்டால் அந்த எழுத்துக்குரிய துப்பாக்கி கைக்கு வரும். கிரேடியஸ் அப்படிச் சாமானைக் கையில் தருவதில்லை, காசைத் தருகிறது. வரிசைகட்டிப் பறந்து வரும் எதிரிக் கூட்டத்தில் ஒன்றையும் தப்பவிடாமல் வீழ்த்தினால் சிவப்பாக ஒரு கேப்ஸ்யூல் மிஞ்சும். அதை எடுத்தால் அடிப்பட்டையில் ஒரு கட்டம் ஒளிரும். முதல் கேப்ஸ்யூலுக்கு வேகம். அப்போதே பொத்தானை அழுத்தி அதை வாங்கிக்கொள்ளலாம். வாங்காமல் இன்னொன்றை எடுத்தால் ஒளி அடுத்த கட்டத்துக்கு நகரும். மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்த்தால் ஒப்ஷன். வாங்கியதும் ஒளி அணைந்து, கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து.

பெருநாள் காசு கிடைத்த பிள்ளைக்கு இது சொல்லாமலே விளங்கும். காலையில் முதல் வீட்டில் கிடைத்த காசைத் தெருமுனையிலேயே செலவழிக்கலாம். மாலை வரை பொத்தி வைத்தால் வேறொன்று வாங்கலாம். இடையில் தொலைந்துபோகவும் கூடும். கிரேடியஸில் அந்த இடைவெளி முழுவதும் உயிராபத்து. கப்பல் தொடக்கத்தில் ஆமை வேகத்தில் நகரும். ஒரே ஒரு குண்டு பட்டால் போதும், முடிந்தது. ஐந்தாவது கட்டத்துக்காகக் காத்திருக்கிறவன் நான்கு கேப்ஸ்யூல் நேரம் வெறுங்கையோடு பறக்கிறான்.

அதனால் இந்த ஆட்டத்தில் பேராசைக்கும் பொறுமைக்கும் நடுவில் நூல் மெல்லியது. முதல் கேப்ஸ்யூலை வேகத்துக்குக் கொடுப்பது எல்லாரும் செய்வது. இரண்டாவது வேகம் நல்லது. மூன்றாவது, நான்காவது என்று ஏற்றிக்கொண்டே போனால் தொட்டாலே பாய்கிற கப்பல் குகைச் சுவரில் போய் மோதும். இரட்டைக் குண்டு மேல்நோக்கியும் சுடும். லேசர் ஒரே நேர்கோட்டில் எதிரிகளைத் துளைத்துக்கொண்டு போகும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஒன்றை வாங்கினால் மற்றது கழன்றுவிடும். ஏவுகணை கீழே விழுந்து தரையோடு வழுக்கிப் போய்ப் பதுங்கியிருக்கும் பீரங்கிகளைப் பிடிக்கும். கடைக்குத் தினமும் சாமான் தேடி வருகிற வாகனக்காரர்களைப் பார்த்துப் பழகியவர் எங்கள் நானா. எந்த வண்டிக்கு எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்பது அவருக்குத் தொழில். அதே கண்ணோடுதான் அவர் அந்தப் பட்டையைப் பார்த்தார். அவருடைய கப்பல் ஒரு நாளும் தேவைக்கு மேல் பூட்டியதாக இருந்ததில்லை.

ஐந்தாவது கட்டத்துக்கு வருவோம். ஒப்ஷன் என்பது ஒளிரும் ஒரு சிறு கோளம். நீங்கள் சுடும்போது அதுவும் சுடும். லேசர் விட்டால் லேசர், ஏவுகணை போட்டால் ஏவுகணை. எந்தக் குண்டும் அதை அழிக்காது. அது உங்களைப் பின்தொடரும் விதத்தில்தான் மேதைமை இருக்கிறது. கோளம் உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சற்று முன்னர் நீங்கள் எங்கே இருந்தீர்களோ அங்கே இருக்கும். நீங்கள் போன வழியில் சிறிது பிந்தி அதுவும் போகும். நீங்கள் நின்றால் அதுவும் நின்றுவிடும், வந்து சேராது.

இதன் பொருளை விரல்கள்தான் முதலில் உணரும். இரண்டு கோளங்கள் வாங்கியபின் நேராக முன்னே போய் நின்றால் அவை இரண்டும் பின்னால் ஒரே வரிசையில் நிற்கும். மூன்று லேசர்களும் ஒரே கோட்டில் பாயும். கீழிருந்து மேலே ஏறி நின்றால் கோளங்கள் கீழே தூண் போல நிற்கும். மூன்று மட்டத்தில் சுடலாம். ஒரு சிறு வளைவு போட்டு நிறுத்தினால் முக்கோணம். உங்கள் முந்தைய அசைவே இப்போதைய ஆயுதத்தின் வடிவம். எங்கே போகப்போகிறோம் என்பதோடு, எந்த வழியாகப் போனோம் என்பதையும் ஆட்டக்காரன் நினைவில் வைத்திருக்க வேண்டும். நானாவின் கை இதைச் செய்யும்போது பார்ப்பதற்கு வாளெடுத்தவனின் கை மாதிரி இராது. கோலம் போடுகிறவளின் கை மாதிரி இருக்கும். ஒரு மேல்வீச்சு, ஒரு பின்னிழுப்பு, நிறுத்தம். கோளங்கள் தத்தம் இடத்தில் போய் அமரும். அதன் பிறகுதான் அவர் சுடத் தொடங்குவார்.

முதல் சுற்றின் முடிவில் இரண்டு எரிமலைகள் வரும். அதுவரை இடமாக ஓடிக்கொண்டிருந்த நிலம் சட்டென்று நின்றுவிடும். மலைகள் இரண்டும் கல்லை வாரி இறைக்கும். விரைந்து விலகுகிற பழக்கம் இங்கே எடுபடாது. கற்கள் வானம் முழுக்கச் சிதறும். கோளங்களை நல்ல இடத்தில் நிறுத்தியவன் அசையாமல் சுட்டுக்கொண்டிருப்பான், மற்றவன் ஓடி ஓடிச் சாவான். எரிமலைகள் ஓய்ந்ததும் பெரிய தாய்க்கப்பல் வரும். நான்கு நீளக் கதிர்களை ஒன்றாக விடும். நடுவில் தடுப்புகள், அவற்றுக்குப் பின்னால் நீலமாக ஒரு கரு. தடுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கருவை அடைய வேண்டும். இங்கேயும் பாடம் பழையதே: ஒரே இடத்தில் பொறுமையாகத் தட்டிக்கொண்டிரு.

கொனாமியின் 1981ஆம் ஆண்டு ஆட்டமான ஸ்கிராம்பிளின் அடுத்த பாகமாகத்தான் இதைத் தொடங்கினார்கள். மாச்சிகுச்சி ஹிரோயாசு தலைமையில் வேலை நடந்தது. நிலம் வலமிருந்து இடமாக ஓடும் முறை ஸ்கிராம்பிளிலேயே உண்டு. வீட்டுத் தொலைக்காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. மேல்நோக்கிப் பறக்கிற ஆட்டங்களுக்காக ஆர்கேட் பெட்டிகளில் திரையையே நிமிர்த்திப் பூட்டுவார்கள். வீட்டுத் திரை படுக்கைவாட்டில் இருப்பது. அதில் அகலம்தான் செல்வம். மருதானையில் ஏறி வெள்ளவத்தைக்கு ரயிலில் போனவர்களுக்கு இந்த ஓட்டம் பழக்கமானது. கொள்ளுப்பிட்டியை நெருங்கியதும் ஒரு பக்கம் கடல் விரியும். கற்பாறைகளும் கம்பங்களும் ஓடி வந்து மறையும். நாம் இருந்த இடத்தில் இருப்போம், ஊர் நம்மைக் கடந்து போகும். வண்டியை நிறுத்த நம்மால் ஆகாது. கிரேடியஸிலும் நிறுத்த முடியாது. அடுத்து வருவதற்கு இப்போதே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஃபாமிகாம் மிகச் சிறிய பெட்டி. அதன் திரை 256க்கு 240 புள்ளிகள். வேலை நினைவகம் 2 கிலோபைட். கிரேடியஸ் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு. இவ்வளவு இடத்தில் ஏழு சுற்றுகளை வேறுபட்ட உலகங்களாகக் கட்டினார்கள். ஈஸ்டர் தீவின் மோவாய்ச் சிலைகள் வாயிலிருந்து வளையங்களைத் துப்பும். வாய் திறந்திருக்கும்போது சுட்டால் மட்டுமே அவை உடையும். முதல் சுற்றின் எரிமலை நிலம் நான்காவதில் தலைகீழாகத் திரும்பி வரும். இருக்கிறதைக் கவிழ்த்துப் போட்டுப் புதிதாக்கும் சிக்கனம் அது. கண் பழகிய நிலம் கவிழ்ந்ததும் கையின் கணக்கு எல்லாம் பிழைத்துப்போகும்.

வன்பொருளின் குறையும் ஆட்டத்துக்குள் கலந்திருந்தது. ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தப் பெட்டியால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறையும். ஒவ்வொரு படச்சட்டத்திலும் வெவ்வேறு துண்டை மறைத்துச் சமாளிப்பார்கள். அதனால்தான் எதிரிகள் மொய்க்கும்போது எல்லாம் மினுங்கும். ஆர்கேட்டில் நான்கு ஒப்ஷன் வைத்துக்கொள்ளலாம், ஃபாமிகாமில் இரண்டு. ஆர்கேட்டின் நெடிய லேசர் இங்கே குட்டையான கோல்களாகச் சிறுத்தது. இரண்டையும் விளையாடிப் பார்த்த பிறகும் எனக்கு வீட்டு வடிவமே மனதுக்கு நெருக்கம். நான்கு கோளங்கள் இருந்தால் எண்ணிக்கை காப்பாற்றும். இரண்டே இருக்கும்போது அவற்றை எங்கே நிறுத்துவது என்பதில் தப்பு விட முடியாது. பற்றாக்குறை கையைத் திருத்தியது.

இசையைச் சொல்லாமல் விட்டால் பாதியைச் சொன்னதாகாது. ஆர்கேட் கிரேடியஸின் இசையில் பெரும்பகுதியை எழுதிய ஹிகாஷினோ மிகி அப்போது மாணவி. ஃபாமிகாமில் இரண்டு சதுர அலைக் குரல்கள், அடிநாதத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல். ஏறக்குறைய இவ்வளவுதான் கச்சேரி. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் வெறும் விண்வெளியில் பறக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே நிலமில்லை, நட்சத்திரங்கள் மட்டும். கேப்ஸ்யூல் சேர்க்கும் இடம் அது. அதற்கென்று தனியாக ஒரு மெட்டு. பயணம் புறப்படுகிற உற்சாகம் அதில் இருக்கும். நிலம் தென்பட்டதும் மெட்டு மாறும். விளையாடாமல் சுவரோடு சாய்ந்து பாடம் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையும், மெட்டை வைத்தே ஆட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும்.

ஆர்கேட் பெட்டியின் ஆரம்பப் பதிப்பு பபிள் மெமரி என்ற காந்த நினைவகத்தில் ஓடியது. அது சூடேறிய பிறகே வேலை செய்யும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்கென்றே ஒரு இசைத்துண்டு வைத்தார்கள். மோர்னிங் மியூசிக் என்று ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். இதை அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். காத்திருப்பதைக் கற்றுத்தரும் ஓர் ஆட்டம், தான் விழிப்பதற்கு முன்னரே நம்மைக் காக்க வைத்துப் பாட்டும் போட்டிருக்கிறது.

இனி இழப்பு. கிரேடியஸில் செத்தால் சேர்த்த எல்லாம் போகும். வேகம், லேசர், கோளங்கள், கவசம் எல்லாம் கழன்று, பழைய ஆமைக் கப்பலோடு நடுவழியில் மீண்டும் தொடங்க வேண்டும். முழுதாகப் பூட்டிய கப்பலுக்கே கடினமான இடத்தில் வெறுங்கையோடு நிற்கும் அந்த நிலையைப் பலர் இந்த ஆட்டத்தின் பெருங்குறை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பிந்திய சுற்றுகளில் ஓர் உயிர் போனால் மிச்ச உயிர்களும் அதே இடத்தில் வரிசையாகப் போகும். ஆனாலும் காத்திருப்புக்குக் கனம் வந்தது இந்த இழப்பினால்தான். தொலையக்கூடிய காசைத்தான் நாம் பொத்திப் பிடிப்போம்.

இழந்து தொடங்குவது எங்களுக்கு அறையிலும் நடந்தது. 1996இல் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் நீண்ட மின்வெட்டு. ஐந்தாவது சுற்றில் கோளங்கள் இரண்டோடும் நிற்கும்போது கரண்ட் போகும். சேமித்து வைக்கிற வசதி அந்த ஆட்டத்தில் இல்லை. இருட்டில் யாரோ மெழுகுதிரி கொளுத்துவார்கள். நானா ஒன்றும் பேசாமல் கைப்பிடியின் வயரைச் சுற்றி வைப்பார். கரண்ட் வந்ததும் முதல் சுற்று, முதல் கேப்ஸ்யூல். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் கெத்தாராமவில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தபோது, அடித்தாடுவதற்குப் பேர்போன சனத் ஜயசூரிய 340 ஓட்டங்கள் வரை நின்றார். அந்த நாட்களில் அறையின் தொலைக்காட்சி டீவி கேமுக்குக் கிடைக்கவில்லை. மைதானத்து ஆரவாரம் காற்றிலும் வந்தது, பெட்டியிலும் வந்தது. நானா அன்றைக்கும் சொன்னார்: "பாருங்க, அவசரப்படாமெ நிக்கிறான்."

பின்னால் வந்த நல்ல ஆட்டங்களோடு வைத்துப் பார்க்கும்போது கிரேடியஸின் தனித்தன்மை கூர்மையாகத் தெரிகிறது. 1987இல் ஐரெம் நிறுவனம் தந்த ஆர்-டைப்பில் ஒரு கவசக் கோளம் உண்டு. அதை முன்னால் பூட்டலாம், பின்னால் பூட்டலாம், கழற்றித் தனியே அனுப்பலாம். அங்கே கேள்வி எங்கே என்பது. கிரேடியஸின் கேள்வி எப்போது என்பது. 1990இல் மெகா டிரைவுக்கு வந்த தண்டர் ஃபோர்ஸ் 3 கிடைத்த ஆயுதங்களை எல்லாம் கையில் வைத்து, நினைத்தபோது மாற்ற விட்டது. தாராளமான, அழகான ஆட்டம். அதில் எனக்கு நெஞ்சு படபடத்ததுண்டு. ஒரு கேப்ஸ்யூலைக் கடந்து போகவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓதுகிற இந்த மந்திரம் பிறந்ததும் கிரேடியஸில்தான். ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலையில் இருந்த ஹஷிமோட்டோ கஸுஹிசாவுக்குச் சோதித்துப் பார்க்க ஆட்டம் மிகக் கடினமாக இருந்தது. அதனால் இடைநிறுத்தி இந்த வரிசையை அழுத்தினால் ஏறக்குறைய எல்லாச் சாமானும் ஒரேயடியாக வந்து பூட்டிக்கொள்ளும்படி வைத்தார். அது அப்படியே கேசட்டோடு வெளியே வந்துவிட்டது. அவர் 2020இல் காலமானார். எங்கள் அறைக்கு அது கொன்ட்ரா விளையாட்டின் முப்பது உயிர் மந்திரமாகத்தான் முதலில் வந்தது. பிறகு ஒருவன் அதை ரொக்கெட் கேமில் போட்டுப் பார்த்தான். கோளங்கள் இரண்டும் வந்து நின்றன. அறை அதிர்ந்தது. நானாவும் கைதட்டினார். ஆனால் தன் முறை வந்தபோது அவர் அதைப் போடவில்லை.

இப்போது கிரேடியஸ் எளிதாகக் கிடைக்கிறது. நின்டென்டோ ஸ்விட்சின் இணையச் சேவையில் ஃபாமிகாம் காலத்து வடிவம் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் கொனாமி ஆர்கேட் ஆட்டங்களைத் திரட்டிக் கிரேடியஸ் ஒரிஜின்ஸ் என்று வெளியிட்டது. பழைய ஆட்டங்களை இப்படிப் பேணுவது பெரிய காரியம். என் தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மகன், பதினொரு வயது, ஸ்விட்சில் அதை விளையாடுகிறான். தப்பு விட்டால் நேரத்தைப் பின்னோக்கிச் சுருட்டிவிடலாம். செத்த கப்பல் பின்வாங்கி மீண்டும் உயிரோடு நிற்கும். அவன் அப்படியே இறுதிச் சுற்று வரை போனான். இறுதியில் இருப்பது சுவரில் பொருத்திய பிரமாண்டமான ஒரு மூளை. அது சுடாது, துரத்தாது. அவ்வளவு தூரம் வந்தவனை எதிர்க்க அதனிடம் ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா மாமா?" என்று கேட்டான்.

மூளை உடைந்ததும் ஆட்டம் முடிவதில்லை. முதல் சுற்று இன்னும் கடினமாகத் திரும்ப வரும். அவனிடம் சொன்னேன்: இந்த முறை பின்னோக்கிச் சுருட்டாமல் விளையாடு. நட்சத்திரங்கள், அந்தப் பயண மெட்டு, வலப்பக்கத்திலிருந்து வரிசைகட்டி வரும் முதல் கூட்டம். ஒன்றையும் விடாமல் அடித்தான். சிவப்பாகக் கேப்ஸ்யூல் மிதந்தது. எடுத்தான், வேகம் வாங்கினான். அடுத்தது வந்தது, முதல் கட்டம் ஒளிர்ந்தது. இன்னொன்று, ஏவுகணை. அவனுடைய பெருவிரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. குண்டுகள் வந்துகொண்டிருந்தன. விரல் இறங்கவில்லை. நான் அவனுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.